கொங்கன் படை பார்க்கப் போன கொங்கு வீட்டுப் பிள்ளை: நம் நியாயங்கள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில் எங்கள் தோட்டம் இருக்கிறது. காங்கேயம் பக்கத்திலிருந்து நிலம் தேடி இங்கு வந்த கொங்கு வேளாளக் குடும்பத்தில் நான் நான்காம் தலைமுறை. வீட்டில் தமிழ் பேசுகிறோம். வில்லேஜ் ஆபீசில் மலையாளம் பேசுகிறோம். சந்தையில் எதிரில் நிற்பவரைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்கிறோம். இதில் எனக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. சென்ற மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகுதான், நான் உலகத்தை யாருடைய கண்ணால் பார்க்கிறேன் என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வயலுக்கு வருவது ஆழியாற்றுத் தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு வழியாகத் தமிழ்நாடு எங்கள் பக்கத்துக்கு விட வேண்டும். அது மூலத்தறையில் பிரிந்து, கால்வாய்களில் ஓடி, கடைமடையில் இருக்கும் எங்களிடம் வந்து சேரும்போது பல ஆண்டுகளில் வாய்க்காலின் அடிமணல் தெரியும். இந்த முறை நாற்றங்காலிலேயே நாற்று பழுத்துவிட்டது. நெல் விவசாயிகளின் குழுவான பாடசேகர சமிதிக் கூட்டத்தில் எழுந்து நின்று, தமிழ்நாடு நம்மை வஞ்சிக்கிறது என்று மலையாளத்தில் பேசினேன். யாரோ அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்ப, இருட்டுவதற்குள் ஆனைமலையில் இருக்கும் என் மச்சானிடம் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அவரும் விவசாயிதான், அதே ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டில் நெல் போடுகிறவர். அவர் கோபப்படவில்லை. "மாப்பிள்ளை, 'நம்மை' என்று சொன்னீர்களே, அதில் நான் இருக்கிறேனா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு எனக்குக் கொங்கன் படை நினைவுக்கு வந்தது. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் நடக்கும் விழா அது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனைப் பகவதி முன்னின்று முறியடித்தாள் என்பது அதன் கதை. அந்த அரசன் அனுப்பியதாகச் சொல்லப்படும் ஓலையை வாசிப்பார்கள், போரை நடித்துக் காட்டுவார்கள், வெடி முழங்கும். ஏழு வயதில் அப்பாருவின், அதாவது தாத்தாவின், தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கொங்கன் தோற்றான் என்று கூட்டம் ஆர்ப்பரித்தபோது நானும் கை தட்டினேன். திரும்பி வரும் வழியில், வண்டியில் வைக்கோல்மேல் படுத்துக்கொண்டு, "அப்பாரு, கொங்கன் என்றால் யாரு?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "நாமதான் கண்ணு" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனால் இந்த ஆத்தா இப்போது நம்மையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறாள்" என்றார்.

என் வளர்ப்பு முழுக்கக் கொங்கு வளர்ப்பு. எங்கள் கூட்டத்தின் (குலப் பிரிவின்) காணிக் கோயில் இன்னும் காங்கேயம் பக்கம்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை போய்ப் பொங்கல் வைத்து வருகிறோம். என் கல்யாணத்தில் அருமைக்காரர்தான் சீர் செய்தார், என் தங்கை இணைச்சீருக்கு நின்றாள். சரி எது, தவறு எது என்பதையும் அந்த வீட்டில்தான் கற்றேன். அடுத்தவன் முறைத் தண்ணீரைத் தன் மடைக்குத் திருப்புகிறவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பார் அப்பாரு. அவர் அதைச் சொல்லோடு விடாமல், சொந்தப் பங்காளி ஒருவர் வீட்டில் பதினோரு ஆண்டுகள் சாப்பிடாமலேயே இருந்தார். இப்போது யோசித்தால், கூட்டத்தில் எனக்கு வந்த கோபம் அந்தக் கோபம்தான் என்று தோன்றுகிறது. அப்படியானால் அன்று நான் கேரளத்துக்காரனாகப் பேசினேனா, முறை தவறுவதைப் பொறுக்காத கொங்குக் குடியானவனாகப் பேசினேனா?

இன்னொன்றும் உண்டு. என் தென்னைகளில் கள் இறக்குகிறார்கள். சித்தூர்க் கள் கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குப் போகிறது. என் வருமானத்தில் அது கணிசமான பங்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. உடுமலைப்பேட்டையில் இருக்கும் என் அத்தை, கள் காசில் வந்த சீரை வாங்க மாட்டேன் என்று ஒரு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே குலம், ஒரே தெய்வம், ஒரே மரம். ஆனால் அவருக்குப் பாவமாகத் தெரிவது எனக்குப் பிழைப்பாகத் தெரிகிறது.

ஒருவர் உலகத்தைப் பார்க்கும் விதத்தில் இனத்துக்கும் மொழிக்கும் சமூகத்தின் வழக்கங்களுக்கும் எவ்வளவு பங்கு, வாழும் மண்ணின் சட்டத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு பங்கு என்று, எல்லையில் வாழும் மற்றவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: பொள்ளாச்சி வாசகர்

ஐயா, உங்கள் குழப்பம் எனக்குப் புரிகிறது. ஆனால் விடை எளியது என்றே நினைக்கிறேன். மனிதன் முதலில் பசியைச் சொன்ன மொழி எதுவோ அதுதான் அவனுடைய கண். மற்றவை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் நம்மிடம் வந்தன; தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போயின. நேசமணி போன்றவர்கள் அதற்காக எவ்வளவு போராடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் உங்களைக் கேட்டு வரையவில்லை. ஆகவே கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதனால் உங்கள் நியாயம் மாறிவிடக் கூடாது என்பது என் கருத்து.

மறுமொழி 2
எழுதியவர்: வண்டிப்பெரியாறு தேயிலைக்காரி

கொழிஞ்சாம்பாறை அண்ணாவுக்கும் பொள்ளாச்சி ஐயாவுக்கும் வணக்கம். பீருமேட்டின் பெயர் வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பாட்டியின் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியோடு மலையேறியவர்கள். நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். எங்கள் வீட்டிலிருந்து இறங்கினால் பெரியாறு. அந்த ஆற்றின் மேலே முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. 1886-இல் 999 ஆண்டுக்குக் குத்தகை எழுதி, 1895-இல் கட்டி முடித்த அணை. அதன் தண்ணீர் மலையைக் குடைந்து தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் வரை போகிறது. என் சித்தியின் வயல் கம்பத்தில் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. நாங்கள் அணைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறோம்.

2011 டிசம்பரில் என்ன நடந்தது என்பதைப் பலர் செய்தியாக அறிந்திருப்பீர்கள். அணை உடையும் என்று இங்கே பேச்சு. அணையை விட மாட்டோம் என்று அங்கே பேச்சு. குமுளி வழி அடைபட்டது. ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பலர், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்கினார்கள். ஒரு நாள் இரவு என் அம்மா ரேஷன் கார்டு, என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், தாலிக் காசு மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு முடிந்து வைத்தார். விளக்கைப் போடவில்லை. அடுத்த லயத்தில் இருந்த மலையாளி சேச்சி ஒருவர், கேட்காமலேயே பாயை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசல் திண்ணையில் படுத்துக்கொண்டார். நான்கு இரவுகள் படுத்தார். ஐந்தாம் நாள் காலையில் சித்தி கம்பத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, அங்கே மலையாளிகளின் கடைகளை மூடிவிட்டார்கள், உங்களுக்கு ஆபத்தா என்று கேட்டார். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து என்று அவர் கேட்கிறார் என்பதே அம்மாவுக்கு விளங்கவில்லை. தண்ணீரா, ஆட்களா?

பொள்ளாச்சி ஐயா, நான் முதலில் பசியைச் சொன்ன மொழி தமிழ்தான். ஆனால் அந்த அணையைப் பற்றி என் சித்தி பேசுவதும் நான் பேசுவதும் ஒரே தமிழில் இரண்டு வேறு பேச்சுகள். அவருக்கு அது பென்னிகுயிக் தந்த சோறு. எனக்கும் அது என் சித்தியின் சோறுதான், மழை வலுத்த இரவில் மட்டும் அதற்கு வேறு முகம் வந்துவிடும். இதை எந்தப் பக்கத்து மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஏனென்றால் எந்தப் பக்கத்து மேடையிலும் எங்களைப் போன்றவர்கள் ஏறுவதில்லை.

சமூக அடையாளம் என்று அண்ணா கேட்டதற்கு இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை வெளியானபோது குடும்பம் கேரளத்துக்குள் வசித்தது என்று காட்டினால்தான் இங்கே சான்றிதழ் கிடைக்கும். மாநிலம் மாறிக் குடியேறியவருடைய பட்டியல் சாதித் தகுதி அவரோடு கூட வராது என்று உச்ச நீதிமன்றமும் 1990-இல் சொல்லியிருக்கிறது. கூலியாக வந்தவர்களிடம் 1950-இன் காகிதம் எங்கே இருக்கும்? தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் கரையான் அரித்துப் போனது. தம்பியின் படிப்புக்காக அப்பா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். தமிழ்நாட்டுக்குப் போய்க் கேட்டால், நீங்கள் கேரளத்தில் பிறந்தவர்கள் என்றார்கள். ஊர்த் திருவிழாவில் எங்களுக்குச் சாதி இருக்கிறது. சாமி சப்பரம் எந்த லயத்தோடு திரும்ப வேண்டும் என்பதில் இருக்கிறது. பெண் எடுப்பதில் இருக்கிறது. உதவி கேட்டுப் போகும் இடத்தில் மட்டும் இல்லாமல் போய்விடுகிறது. இப்படி வளர்ந்த ஒரு பெண் உலகத்தைப் பார்த்தால் முதலில் எதைப் பார்ப்பாள் என்று நினைக்கிறீர்கள்? நான் எந்த அறைக்குள் போனாலும் மேசைமேல் என்ன காகிதம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் உட்கார்ந்த போராட்டத்துக்கு என் அக்காவும் போயிருந்தார். பெம்பிளை ஒருமை என்று மலையாளத்தில் பெயர்; முழக்கம் பெரும்பாலும் தமிழில். கொழுந்து கிள்ளுகிறவர்கள் நாங்கள், எங்களுக்காகப் பேசுகிறவர்கள் மட்டும் ஏன் எல்லோரும் ஆண்கள் என்று சங்கங்களையே விலக்கி நிறுத்தி, ஒன்பது நாளில் 20 சதவீத போனஸை வாங்கினார்கள். அங்கே என் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்டேன். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது, அதற்கு மேல் கேட்கவில்லை என்றார்.

மறுமொழி 3
எழுதியவர்: சித்தூர் பத்து சென்ட்

கொழிஞ்சாம்பாறை நண்பரே,

உங்களை நண்பரே என்று விளிப்பதற்கு முன் சற்று நேரம் யோசித்தேன். நீங்கள் இருக்கும் பகுதியில்தான் நானும் பிறந்தேன். என் தந்தை உங்களை எதிரில் கண்டிருந்தால், நீங்கள் அவரைவிட இருபது வயது இளையவராக இருந்தாலும், சாமி என்றுதான் கூப்பிட்டிருப்பார். நீங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள். அது உங்கள் குற்றம் என்று சொல்ல வரவில்லை. அப்படித்தான் உங்களுக்கும் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

நாங்கள் சக்கிலியர், தமிழ்நாட்டில் அருந்ததியர் என்பார்கள். எங்கள் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. தெருவில் தமிழ், பள்ளியில் மலையாளம். பொள்ளாச்சி அன்பர் சொல்லும் கணக்கில் என் கண் தெலுங்குக் கண்ணாக இருக்க வேண்டும். ஆந்திரத்தை நான் பார்த்ததே இல்லை. உங்கள் தோட்டங்களில் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்த கை எங்கள் முன்னோருடைய கை. நீங்கள் காங்கேயத்திலிருந்து மாடு ஓட்டி வந்தபோது, அந்த வண்டிகளின் பின்னால் நடந்து வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். ஆகையால் நீங்கள் எழுதிய கொங்கு வளர்ப்பை நானும் அறிவேன், பின்வாசலிலிருந்து.

உங்கள் அப்பாருவின் தண்ணீர் நியாயம் உயர்ந்தது. பதினோரு ஆண்டுகள் பங்காளி வீட்டில் கை நனைக்காமல் இருக்க மன உறுதி வேண்டும். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த முறையில் எங்களுக்கு முறை இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். என் பாட்டி உங்களைப் போன்ற ஒரு தோட்டத்தில் களை எடுத்தவர். தாகம் எடுத்தால் கிணற்றுமேட்டிலிருந்து பத்தடி தள்ளி நின்று கை குவிப்பார்; மேலிருந்து ஊற்றுவார்கள். காப்பி தந்தால் அது மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு மாடத்தில் வைத்திருக்கும் கொட்டாங்கச்சியில். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே கவிழ்க்க வேண்டும். எந்தப் பக்கமாகக் கவிழ்க்க வேண்டும் என்பதற்குக்கூட வழக்கம் இருந்தது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். ஒரே வாய்க்காலின் தண்ணீரைப் பற்றி இவ்வளவு நுட்பமாக நீதி வகுத்த ஒரு சமூகம், அந்தக் கொட்டாங்கச்சியை ஒரு நாளும் அநீதியாகப் பார்க்கவில்லை. சமூகத்தின் வழக்கம் ஒருவருடைய பார்வையை எப்படி அமைக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிக நேரான பதில் இதுதான்: அது எதைக் காட்டுகிறதோ அதைத் துல்லியமாகக் காட்டும், எதை மறைக்கிறதோ அது கண்ணெதிரிலேயே இருந்தாலும் தெரியாது.

இனி, மாநிலம் என்ன தந்தது என்பதற்கு வருகிறேன். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலம் வைத்திருப்பவரின் மண்ணில் குடிசை போட்டுக் குடியிருந்தவர்கள் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ள அது வழி செய்தது. என் தாத்தாவுக்கு அந்தப் பத்து சென்ட் கிடைத்தது. என் பெயருக்குப் பின்னால் நான் போட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். பட்டா வந்த அன்று தாத்தா செய்த முதல் வேலை, தோட்டத்துப் பக்கம் பார்த்திருந்த வாசலை அடைத்து, ரோட்டுப் பக்கம் வாசல் வைத்தது. மண் சுவரை ஒரே இரவில் இடித்தார் என்பார் என் தந்தை. எல்லைக்கு அந்தப் பக்கம் கிணத்துக்கடவுக்கு அருகில் கொடுக்கப்பட்ட என் அத்தை, தம் மாமனார் குடியிருந்த இடத்திலேயே இன்னும் பட்டா இல்லாமல் இருக்கிறார். ஆகவே நண்பரே, கேரளம் என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு மொழி நினைவுக்கு வருவதில்லை, ரோட்டுப் பக்கம் திரும்பிய வாசல் நினைவுக்கு வருகிறது. அதே நேரம், இந்தச் சட்டத்தில் குத்தகை விவசாயிக்கு வயல் கிடைத்தது, கூலிக்காரருக்கு வீட்டுமனைதான் கிடைத்தது என்பதையும் நான் மறக்கவில்லை. பாடசேகர சமிதியில் எங்கள் தெருக்காரர் ஒருவர்கூட உறுப்பினர் இல்லாததற்குக் காரணம் அதுதான். வாய்க்கால் வற்றினால் உங்களுக்கு விளைச்சல் போகிறது. எங்களுக்கு அன்றைய கூலி போகிறது. உங்கள் கூட்டத்தில் நீங்கள் சொன்ன "நம்மை" என்ற சொல்லில் மச்சான் தம்மைத் தேடினார். நானும் தேடினேன்.

இந்த வட்டத்தில் தண்ணீருக்காக நின்றவர்களின் வரலாற்றை எழுதினால் பிளாச்சிமடை மயிலம்மாவை விட்டுவிட முடியாது. எரவாளர் பழங்குடிப் பெண், பள்ளிக்கூடம் போகாதவர். கிணற்று நீரில் சோறு வெந்தால் சோறு கெடுகிறது என்பதிலிருந்து தொடங்கினார். 2002-இல் கோகோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்த அந்தப் போராட்டத்தால் 2004-இல் ஆலை நின்றது. அவர் பேசியது தமிழா மலையாளமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இங்கே எங்கள் எல்லோருடைய பேச்சும் அப்படித்தான்.

மறுமொழி 4
எழுதியவர்: நகரி தறிக்காரர்

வடக்கு எல்லையிலிருந்து சுருக்கமாக எழுதுகிறேன். நான் சித்தூர் என்றால் ஆந்திரத்துச் சித்தூர்.

எங்கள் பகுதி 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியவர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, நடுவர் படாஸ்கர் வகுத்த எல்லைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றுவிட்டன. என் தந்தைக்குத் திருத்தணியில் பெண் பார்த்தது 1959-இல். கல்யாணம் 1960 ஆவணியில். ஒரே மாநிலத்தில் நிச்சயம் செய்து, இரண்டு மாநிலங்களுக்கிடையில் தாலி கட்டினோம் என்று அம்மா சொல்வார்.

நான் தமிழ்ப் பிரிவில் படித்தேன். இன்று அதே பள்ளியில் அந்தப் பிரிவு மூன்று பிள்ளைகளுக்காக நடக்கிறது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது என்று காட்டி, ஆசிரியர் பணியிடத்துக்காக நாங்கள் மனுக் கொடுத்தோம். அந்த மனுவை எழுதிக்கொண்டிருந்த நாளில் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு தெலுங்கு நண்பர் தறிக்கு நூல் வாங்க வந்தார். தமிழ்நாட்டில் 2006-இல் வந்த தமிழ் கற்பித்தல் சட்டத்தால் தம் பேரன் தெலுங்கை முதல் பாடமாக எடுக்க முடியவில்லை என்று, அவரும் ஒரு மனுவைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ஊர்ப் பெயரையும் மொழிப் பெயரையும் மாற்றினால் அவை ஒரே மனு.

அதுவரை தமிழுக்காகக் கேட்பது எனக்கு உரிமையாகவும் தெலுங்குக்காகக் கேட்பது அடமாகவும் தெரிந்திருந்தது. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். மொழிப் பற்று தவறு என்று நான் சொல்லவில்லை. என் மகள் தமிழில் கடிதம் எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கண் நிறைகிறது. அந்த நண்பருக்கும் அப்படித்தான் நிறையும் என்பதை உணர எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. பொள்ளாச்சி அன்பர் ஒரு முறை பள்ளிப்பட்டுக்குப் போய் வர வேண்டும். எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு போகலாம்.

மறுமொழி 5
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது மறுமொழியைப் படித்த பிறகு இரண்டு நாட்கள் எதுவும் எழுத முடியவில்லை.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. கொட்டாங்கச்சி என்று சொன்னதும் முதலில், அதெல்லாம் இங்கே கிடையாது என்றார். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து, பழைய கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது அங்கே மோட்டாருக்கான சாமான்கள் கிடக்கின்றன. சுவரில், என் இடுப்பளவு உயரத்தில், ஒரு சிறிய மாடம். சிறு வயதில் அதில் நான் பம்பரம் வைத்திருந்தேன். அது எதற்காக இருந்த மாடம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாரு இருந்தவரைக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீருக்காகப் பதினோரு ஆண்டுகள் ஒரு வீட்டில் சாப்பிடாதிருந்த மனிதரும், இந்த மாடத்தைக் கட்டியவரும் ஒரே ஆள். அவரை எனக்கு இன்னும் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாகச் சுமக்க வேண்டும் என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

மச்சானிடமும் பேசினேன். மணக்கடவில் எவ்வளவு விடுகிறார்கள் என்று நான் அவரிடமும், ஆயக்கட்டில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அவர் என்னிடமும் இதுவரை கேட்டதே இல்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஆழியாற்றிலிருந்து மூலத்தறை வரை வண்டியில் வருவதாக இருக்கிறோம். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாற்று பழுத்தது பழுத்ததுதான்.

சித்தூர் பத்து சென்ட் நண்பருக்கு: தண்ணீரைப் பற்றிய அடுத்த கூட்டத்தைச் சமிதியோடு நிறுத்தாமல், கூலி வேலைக்கு வருகிறவர்களையும் அழைத்து, வாய்க்கால் ஓரத்துப் பள்ளியில் பொதுவாக நடத்தலாம் என்று நேற்றுச் சொன்னேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள். வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம். நீங்களும் உங்கள் தெருக்காரர்களும் வர வேண்டும்.

மறுமொழி 6
எழுதியவர்: சித்தூர் பத்து சென்ட்

நண்பரே, அந்த மாடத்தை நீங்கள் போய்ப் பார்த்ததற்கும், பார்த்ததை இங்கே மறைக்காமல் எழுதியதற்கும் நன்றி. அம்மாவை மேலும் கேட்டு வருத்த வேண்டாம்.

காலை பத்து மணிக்கு எங்கள் ஆட்கள் வேலையில் இருப்பார்கள். வந்தால் அன்றைய கூலி போய்விடும். மாலை ஆறு மணிக்கு மாற்றுங்கள். என் தந்தையையும் அழைத்து வருகிறேன்.